வலிக்காமல் பறிபோகும் பார்வை: ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டிய கண் நோய்கள்

பல் வலித்தால் அன்றிரவே வைத்தியரைத் தேடுகிறோம். வயிறு வலித்தால் விடியும் வரை காத்திருப்பதில்லை. கண் விடயத்தில் மட்டும் எம்மில் பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். "கண் வலிக்கவில்லையே, சிவக்கவும் இல்லையே, பிறகு ஏன் கிளினிக்குக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்?" என்ற கேள்வியை எமது வீடுகளில் அடிக்கடி கேட்கலாம்.

இந்தக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. வளர்ந்தோரின் பார்வையைப் பறிக்கும் முக்கிய நோய்களான கண்புரை, குளுக்கோமா, நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் எந்த வலியுமின்றியே வளர்கின்றன. கண்ணை உறுத்தி, சிவக்க வைத்து, நீர் வடிய வைக்கும் சாதாரண கண் நோய் பெரும்பாலும் சில நாட்களில் குணமாகிவிடும். சத்தமில்லாமல் வருபவைதான் ஆளை இருட்டில் விட்டுவிடுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட பார்வை பற்றிய உலக அறிக்கையின்படி, குறைந்தது 220 கோடிப் பேர் ஏதோ ஒரு வகைப் பார்வைக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர். அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் சிகிச்சை கிடைக்காதது. அதாவது, மருத்துவத்தில் வழியிருந்தும் பார்வையின்றி இருப்பவர்கள் அவர்கள்.

எனவே ஒரு விடயத்தை முதலில் பிரித்தறிந்துகொள்வது நல்லது. மூக்குக்கண்ணாடி தேவைப்படுவதாலோ கண்புரையாலோ மங்கிய பார்வையைப் பெரும்பாலும் மீட்கலாம். குளுக்கோமா அழித்த பார்வை திரும்புவதில்லை. நீரிழிவு முற்றிய நிலையில் சிதைத்த விழித்திரையும், சிறுவயதில் கவனிக்காமல் விட்ட சோம்பல் கண்ணும் பெரும்பாலும் அப்படியே. முதல் வகைக்குத் தாமதமாகச் சென்றால் காலம்தான் வீணாகும். இரண்டாம் வகைக்குத் தாமதமானால் கண்ணே போய்விடும். எமக்கு வந்திருப்பது எந்த வகை என்பதை வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

கண்புரை: பயம்தான் பெரிய தடை

கண்ணுக்குள் இருக்கும் வில்லை, இளமையில் தெளிந்த கண்ணாடி போன்றது. வயது ஏற ஏற அது மங்கி, பழுப்பேறி, இறுதியில் வெண்மையாகிவிடுகிறது. இதுவே கண்புரை. நீரிழிவு உள்ளவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும், ஸ்டீரொயிட் மருந்துகளை நீண்டகாலம் பாவிப்பவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இது முன்கூட்டியே வரலாம்.

பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற மங்கல், இரவில் எதிரே வரும் வாகன விளக்குகள் சிதறித் தெரிதல், நிறங்கள் வெளிறிப்போதல், கண்ணாடியின் இலக்கம் அடிக்கடி மாறுதல் என்பன இதன் அடையாளங்கள். பலரை ஏமாற்றும் இன்னோர் அடையாளமும் உண்டு. வருடக்கணக்காகக் கண்ணாடி போட்டுக் குர்ஆன் ஓதிவந்த மூத்தம்மா, ஒருநாள் கண்ணாடி இல்லாமலே ஓதத் தொடங்குகிறார். வீட்டில் எல்லோரும் மகிழ்கிறார்கள். உண்மையில் வில்லை தடித்துக் கடினமாகும்போது கண் கிட்டப்பார்வைப் பக்கம் நகர்கிறது. அதனால் கிட்ட உள்ள எழுத்து தெளிகிறது, தூரத்தில் வரும் ஆள் மங்குகிறார். இது கண்புரை வளர்வதன் அறிகுறியாக இருக்கலாம்.

கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. தேன், மூலிகைச் சாறு, விளம்பரத்தில் வரும் மாத்திரை எதனாலும் மங்கிய வில்லை தெளியாது. சத்திரசிகிச்சை ஒன்றே வழி. "நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பதும் பழைய கதை. அன்றாட வேலைக்கு, வாசிப்புக்கு, நடமாட்டத்துக்குப் பார்வை இடைஞ்சலாகும்போது சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம். அளவுக்கு மீறி முற்றவிட்டால் சத்திரசிகிச்சை கடினமாகும். சிலருக்குக் கண் அமுக்கமும் உயர்ந்து வேறு பாதிப்பும் சேரும்.

பொதுவாகக் கண்ணை மட்டும் மரக்கச் செய்து, மங்கிய வில்லையை அகற்றி, அந்த இடத்தில் செயற்கை வில்லையைப் பொருத்துவார்கள். பெரும்பாலானோர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பலாம். செயற்கை வில்லை முதன்முதலில் 1949இல் இலண்டனில் ஹரல்ட் ரிட்லி என்ற வைத்தியரால் பொருத்தப்பட்டது. இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் இதுவும் ஒன்று. கண்புரைக்குச் சத்திரசிகிச்சை என்பது முஸ்லிம்களின் மருத்துவ மரபுக்குப் புதிதும் அல்ல. கி.பி. 1000 அளவில் வாழ்ந்த அம்மார் இப்னு அலி அல்-மவ்ஸிலி என்ற கண் வைத்தியர், உள்ளீடற்ற ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார்.

பயம் இருப்பது இயல்பே. 2023இல் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர், பின்னர் வழங்கப்பட்ட சொட்டு மருந்தால் பாதிக்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் கண்புரையோடு வாழ்வதிலும் ஆபத்து இருக்கிறது. படி தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, மருந்துக் குப்பியை மாற்றி எடுப்பது, வீதியைக் கடக்கும்போது வாகனம் தெரியாமல் போவது எல்லாம் அந்த ஆபத்தில் அடங்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலி கூடினாலோ, சிவப்பு அதிகரித்தாலோ, தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சத்திரசிகிச்சை செய்து மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்துப் பார்வை மெல்ல மங்கினால் "புரை மறுபடியும் வந்துவிட்டது" என்று கவலைப்படத் தேவையில்லை. வில்லையைத் தாங்கும் மெல்லிய உறையில் படியும் மங்கல் அது. சில நிமிட லேசர் சிகிச்சையால் சரியாகிவிடும்.

குளுக்கோமா: ஓரங்களிலிருந்து தொடங்கும் இருட்டு

கண்ணுக்குள் ஒரு தெளிந்த திரவம் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் சீராக இல்லாவிட்டால் கண்ணுக்குள் அமுக்கம் உயர்ந்து, கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழிகிறது. கண் அமுக்கம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசம் வரை இருக்கும். அமுக்கம் இந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு பாதிக்கப்படுபவர்களும் உள்ளனர். அதனால் அமுக்கத்தை அளந்து பார்த்தது மட்டும் போதாது. நரம்பையும் பார்க்க வேண்டும்.

இந்த நோயில் முதலில் போவது ஓரப் பார்வை. நடுப்பார்வை கடைசி வரை நன்றாகவே இருக்கும். அதனால் நோயாளி பத்திரிகை வாசிப்பார், கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரி வரை சொல்வார், மோட்டார் சைக்கிளும் ஓட்டுவார். ஒரு கண்ணில் விடுபட்டதை மற்றக் கண் ஈடுசெய்துவிடும். கதவு நிலையில் தோள் இடிக்கிறது, பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியவில்லை, பள்ளிவாசல் படியில் கால் தவறுகிறது என்று அவர் உணரும்போது நரம்பின் பெரும்பகுதி போயிருக்கும். அழிந்த நரம்பை மீட்கும் மருந்து இன்று வரை இல்லை. மிஞ்சியதைக் காப்பாற்றுவதே சிகிச்சையின் நோக்கம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்? 40 வயதைக் கடந்தவர்கள், தாய், தந்தை, உடன்பிறந்தோர் எவருக்கேனும் குளுக்கோமா உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், கிட்டப்பார்வை இலக்கம் அதிகமாக உள்ளவர்கள், கண்ணில் பலத்த அடிபட்டவர்கள், ஸ்டீரொயிட் சொட்டு மருந்தை நீண்டகாலம் பாவித்தவர்கள். உங்கள் வாப்பாவுக்கு குளுக்கோமா என்று தெரிந்தால், உங்கள் நானாவும் ராத்தாவும் தம்பி தங்கையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் தினமும் இடும் சொட்டு மருந்து. சிலருக்கு லேசரும் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். சொட்டு இட்டதும் பார்வை தெளிவதில்லை. சிலருக்குக் கண் சிறிது எரியும். "இதால் ஒரு பயனும் இல்லை" என்று நிறுத்திவிடுபவர்கள் இதனால்தான் அதிகம். பிரஷர் மாத்திரையை எப்படி வாழ்நாள் முழுதும் எடுக்கிறோமோ அப்படித்தான் இதுவும்.

இதிலேயே இன்னொரு வகை திடீரென்று வரும். கண்ணில் தாங்க முடியாத வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம், தலைவலி, வாந்தி. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றும், தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் நினைத்து மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். சில மணித்தியாலங்களில் சிகிச்சை கிடைக்காவிட்டால் அந்தக் கண் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

சீனி வருத்தமும் விழித்திரையும்

எமது வீடுகளில் நீரிழிவு நோயாளி ஒருவராவது இல்லாத வீடு குறைவு. பாதத்தில் புண் வருமென்று பயப்படுகிறோம், சிறுநீரகம் போகுமென்று பயப்படுகிறோம். விழித்திரையைப் பற்றி நினைப்பவர் குறைவு.

குருதியில் சீனி நீண்டகாலம் கூடியிருக்கும்போது விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் பலவீனமடைந்து கசியத் தொடங்கும். சில இடங்கள் அடைபடும். அடைபட்ட பகுதிக்கு ஈடாக உடல் புதிய குழாய்களை வளர்க்கும். அந்தப் புதிய குழாய்கள் உறுதியற்றவை. ஒருநாள் வெடித்துக் கண்ணுக்குள் குருதி நிறைந்து, பார்வை சட்டென்று மறையலாம். இந்தக் கடைசிக் கட்டம் வரை நோயாளிக்கு எதுவும் தெரியாமலே இருக்கலாம். அதனால், "நன்றாகத் தெரிகிறதே" என்பது விழித்திரை நலமாக இருப்பதற்குச் சான்றாகாது.

வளர்ந்தோரில் சாதாரணமாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட உடனேயே கண்ணின் உட்பகுதியைப் பரிசோதிக்க வேண்டும். ஏனெனில் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே சில வருடங்கள் உடலில் இருந்திருக்கும். அதன் பின்னர் வருடத்துக்கு ஒருமுறை, அல்லது வைத்தியர் சொல்லும் இடைவெளியில். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண் கர்ப்பம் தரித்தால், முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமாக முற்றக்கூடும். நீரிழிவோடு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் சகோதரர்களும் புறப்படுவதற்கு முன் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டுச் செல்வது நல்லது.

லேசர், கண்ணுக்குள் இடும் ஊசி, சத்திரசிகிச்சை என்று வழிகள் உண்டு. ஆரம்பத்திலேயே செய்தால் பார்வையைத் தக்கவைக்கலாம். "லேசர் அடித்த பிறகுதான் கண் போனது" என்று ஊரில் பேசப்படுவது, பெரும்பாலும் நேரம் தவறிச் சென்றவர்களின் கதை. சீனி, குருதி அமுக்கம், கொலஸ்ட்ரோல் ஆகிய மூன்றையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது எந்த லேசரையும் விட மேலான பாதுகாப்பு.

இங்கே கண்ணாடிக் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் இலக்கம் பார்ப்பது பயனுள்ள சேவைதான். ஆனால் அது முழுமையான கண் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்ப்பதும், கண் அமுக்கம் அளப்பதும் வேறு விடயம். சீனி கூடிக் குறைந்துகொண்டிருக்கும் நாட்களில் கண்ணின் இலக்கமும் மாறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் செய்த கண்ணாடி சில வாரங்களில் பொருந்தாமல் போகலாம்.

நோன்பு காலத்தில் சொட்டு மருந்து

ரமழானில் குளுக்கோமா நோயாளிகள் சிலர் பகல் வேளைச் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் மாதம் முழுவதும் தொடுவதே இல்லை. இது ஆபத்தான முடிவு. ஒரு மாதம் கட்டுப்பாடின்றி உயரும் அமுக்கம் அழிக்கும் நரம்பு, பெருநாளைக்குப் பிறகு மருந்து இட்டாலும் திரும்பாது.

மார்க்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, கண்ணில் இடும் சுர்மாவோ மருந்தோ, அதன் சுவை தொண்டையில் தெரிந்தாலும் நோன்பை முறிப்பதில்லை. உடலின் உட்பகுதிக்குச் செல்லும் திறந்த வாயிலாகக் கண் கருதப்படுவதில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும் 1997இல் ஜித்தாவில் நடந்த தனது பத்தாவது அமர்வில், நோன்பை முறிக்காதவற்றின் பட்டியலில் கண் சொட்டு மருந்தைச் சேர்த்தது. இதற்குப் பின்னும் மனம் ஒப்பாதவர்கள், தமக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். மருந்தை மட்டும் தாமாக நிறுத்த வேண்டாம். இரு வேளை மருந்தை ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

சொட்டு இடும் முறையும் முக்கியம். கையைக் கழுவி, கீழ் இமையை மெதுவாக இழுத்து, ஒரு சொட்டு மட்டும் இடுங்கள். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு வடிவது இதனால் குறையும். கண்ணிலும் கூடுதலாக நிற்கும். இரண்டு வகை மருந்து இருந்தால் இடையில் 5 நிமிடமாவது விடுங்கள். குளுக்கோமா உள்ளவர்கள் இஃப்தாரில் ஒரு லீற்றர் தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் சிறிது சிறிதாகக் குடிப்பது நல்லது. ஒரேயடியாகக் குடித்தால் கண் அமுக்கம் தற்காலிகமாக உயரும்.

கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது என்று வைத்தியர் சொன்னால், வுழூவுக்கும் தொழுகைக்கும் உள்ள சலுகைகளை ஆலிமிடம் கேட்டு அறிந்து அதன்படி நடந்துகொள்ளுங்கள். விழித்திரைச் சத்திரசிகிச்சையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டிருந்தால், வைத்தியர் அனுமதிக்கும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. மேலே செல்லும்போது அந்த வாயு விரிந்து பார்வையைப் பறித்துவிடும். உம்ராவுக்கு நாள் குறித்தவர்கள் இதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் கண்

பிள்ளை தானாக வந்து "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாது. பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்த பிள்ளைக்கு, உலகம் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம்.

ஒரு கண்ணில் மட்டும் குறைபாடு இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்து நல்ல கண்ணையே நம்பத் தொடங்கும். பாவிக்கப்படாத கண் வளர்ச்சியின்றி நின்றுவிடும். இதுவே சோம்பல் கண். கண்ணாடி கொடுத்தும், நல்ல கண்ணைத் தினமும் சில மணித்தியாலம் மூடிவைத்தும் இதைச் சரிசெய்யலாம். ஏழு, எட்டு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம். அதன் பிறகு வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். மாறுகண்ணை "அதிர்ஷ்டம்" என்றும் "வளர வளரச் சரியாகும்" என்றும் விட்டுவிடுவது இந்த அரிய காலத்தை வீணாக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் குழந்தையின் கண் விலகியிருந்தால் காட்ட வேண்டும். கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது கண்ணில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனைக்குத் திகதி தந்தால் அதைத் தவறவிட வேண்டாம்.

தொலைக்காட்சிக்குக் கிட்டப்போய் உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது எல்லாம் கிட்டப்பார்வையின் அடையாளங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பலரின் குறை கண்டுபிடிக்கப்படுகிறது. பாடசாலையை விட்டு ஹிப்ழ் மத்ரஸாவில் சேரும் பிள்ளை இந்தப் பரிசோதனையைத் தவறவிடலாம். நாள் முழுவதும் முஸ்ஹஃபைப் பார்த்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு இது இன்னும் தேவை. பாடம் வராத பிள்ளையைக் கண்டிக்கும் முன், எழுத்துத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லி உஸ்தாத்மாரையும் கேட்டுக்கொள்கிறோம். தினமும் இரண்டு மணித்தியாலம் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. அஸருக்குப் பிறகு பந்தடிக்க விடுவதும் கண்ணுக்குச் செய்யும் வைத்தியம்தான். "கண்ணாடி போட்டால் பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று கண்ணாடியை ஒளித்துவைக்கும் வீடுகள் இன்னும் இருப்பது வேதனைக்குரியது.

சிவந்த கண்ணும் பாமசிச் சொட்டு மருந்தும்

கண் நோய் என்று நாம் சொல்லும் தொற்று, பெரும்பாலும் வைரசால் வருகிறது. ஒன்றிரண்டு வாரங்களில் ஆறிவிடும். பார்வையால் தொற்றாது, கையால் தொற்றும். கையைக் கழுவுவது, துவாய், தலையணை உறை, சுர்மாக் குச்சி ஆகியவற்றைப் பகிராமல் இருப்பது, ஆறும் வரை பொது ஹவ்ழில் கையையும் முகத்தையும் நனைக்காமல் குழாயில் வுழூச் செய்வது போன்றவற்றால் மத்ரஸா விடுதி முழுவதும் பரவுவதைத் தவிர்க்கலாம்.

ஆனால் சிவந்த கண் எல்லாம் இந்தக் கண் நோய் அல்ல. அம்பாறை, மட்டக்களப்பு வயல்களில் சூடடிக்கும் காலத்தில் நெல் உமியோ வைக்கோலோ கண்ணில் பட்டுக் கருவிழியில் புண் வரும். பங்கசுத் தொற்றாக இருந்தால் அது மெதுவாக ஆழமாகும். பாமசியில் போய், "கண் சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து தாங்க" என்று கேட்டு வாங்கும் மருந்தில் ஸ்டீரொயிட் இருந்தால் முதல் நாள் சிவப்பு குறையும். உள்ளே புண் பரவும். கடைசியில் கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழும். பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்த மருந்துக்கும் இதே கதைதான். திறந்து ஒரு மாதம் கடந்த சொட்டுப் போத்தலை வீசிவிட வேண்டும்.

தாய்ப்பால் விடுவது, தேன் விடுவது, பூச்சாறு பிழிவது போன்றவையும் புண்ணுள்ள கண்ணில் கிருமியைச் சேர்க்கும்.

சுர்மா இடுவதை ஸுன்னத்தாக மதிப்பவர்கள், தாம் வாங்குவது என்ன என்று பார்க்க வேண்டும். இஸ்மித் என்பது அஞ்சனக் கல். இன்று பல நாடுகளின் சந்தைகளில் சுர்மா என்று விற்கப்படும் தூளில் பெரும்பாலும் ஈயம் கலந்த கனிமம் இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. என்ன சேர்ந்தது என்று தெரியாத சுர்மாவைக் குழந்தைகளின் கண்ணில் இடாதீர்கள்.

அன்றே ஓட வேண்டிய வேளைகள்

• கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு, சீமெந்து, கழுவும் திரவம் பட்டால் முதல் வேலை தண்ணீர். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 15 முதல் 30 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். அதன் பிறகுதான் வைத்தியசாலைப் பயணம்.
• திடீரென்று மின்னல் போல் வெளிச்சம், கூட்டமாகக் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்தில் திரை விழுவது போல் மறைதல். விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம்.
• ஒரு கண்ணில் பார்வை சட்டென்று போதல், சில நிமிடத்தில் திரும்பினாலும் கூட. பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.
• வாந்தியோடு வரும் கடுமையான கண் வலி.
• கண்ணில் குத்திய பொருள். அதைப் பிடுங்கவோ கண்ணைக் கசக்கவோ கூடாது. மேலே அழுத்தாமல் மூடிக்கொண்டு செல்லுங்கள்.
• நேர்க்கோடுகள் வளைந்து தெரிவது. வயதானோருக்கு விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்படும்போது இப்படித் தெரியும். இதற்கு ஒரு சில நாட்களுக்குள்ளாவது காட்டுங்கள்.

நாளாந்தக் கவனிப்பு

40 வயதுக்குப் பிறகு புத்தகத்தைத் தள்ளிப் பிடித்து வாசிக்க வேண்டி வருவது வெள்ளெழுத்து. இது நோயல்ல, வாசிப்புக் கண்ணாடி போட்டால் போதும். கண்ணாடி போடுவதால் கண் பழுதாகாது. ஆனால் அந்தக் கண்ணாடிக்காகச் செல்லும் நாளிலேயே கண் அமுக்கத்தையும் விழித்திரையையும் முதன்முறையாகப் பார்த்துக்கொள்ளச் சிறந்த சந்தர்ப்பம் கிடைக்கிறது.

தொலைபேசித் திரை யாரையும் குருடாக்குவதில்லை. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் கண் வறண்டு எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்த்தால் கண் ஆறுதலடையும்.

முருங்கைக் கீரை, பொன்னாங்காணி, பப்பாசி, பூசணி, மீன், முட்டை ஆகியவை கண்ணுக்குத் தேவையான சத்தைத் தருகின்றன. ஆனால் கரட் சாப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்ற முடியாது. புகைத்தல் கண்புரையையும் விழித்திரைச் சிதைவையும் முன்னழைக்கும். கடலிலும் வயலிலும் வெயிலில் நிற்பவர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் பாவித்தால், கருவிழி மேல் வளரும் சதையை ஓரளவு தடுக்கலாம். ஒட்டு வேலை செய்பவர்கள் கண்ணைக் காக்கும் கண்ணாடியின்றி ஒரு நிமிடமும் வேலை செய்யக் கூடாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்

எமது ஊர்களில் தனவந்தர்களின் உதவியோடு இலவசக் கண் முகாம்கள் நடக்கின்றன, கண்ணாடி வழங்கப்படுகிறது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் ஒருநாள் முகாமால் கண்புரையையும் கண்ணாடித் தேவையையும்தான் தீர்க்க முடியும். குளுக்கோமாவுக்கும் நீரிழிவுக் கண்ணுக்கும் ஆண்டாண்டாகத் தொடரும் கவனிப்பு வேண்டும்.

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கண் கிளினிக்குக்குக் கடிதம் பெற்றுச் செல்லலாம். கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகே தேசிய கண் வைத்தியசாலையும் இருக்கிறது. இருந்தும் பலர் போகாததற்கு வேறு காரணங்கள் உள்ளன. கண்மணியை விரியச் செய்யும் மருந்து இட்டால் சில மணித்தியாலம் வாகனம் ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். விதவைத் தாய்மார், மகன் வெளிநாட்டில் இருக்கும் உம்மாமார், நாட்கூலிக்குப் போகும் வாப்பாமார் ஆகியோருக்கு அந்தத் துணைதான் இல்லை. "என்னால பிள்ளைகளுக்குக் கரைச்சல் வேணாம்" என்று எத்தனையோ தாய்மார் மங்கலோடு காலம் தள்ளுகிறார்கள்.

இங்கே பள்ளிவாசல் நிர்வாகம் செய்யக்கூடியது பெரிய செலவில்லாத காரியம். மஹல்லாவில் நீரிழிவு உள்ளவர்கள் கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினார்கள் என்று, அவர்களின் விருப்பத்தோடு, ஒரு பதிவு வைத்துக்கொள்ளலாம். கிளினிக் நாளில் ஒரு வேனையும் பொறுப்பான ஒருவரையும், பெண்களுக்குப் பெண் துணையையும் ஒழுங்கு செய்யலாம். ரமழானுக்கு முந்திய ஜும்ஆவில் சொட்டு மருந்து பற்றிய சட்டத்தை ஐந்து நிமிடம் விளக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. இன்றிரவு எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், ஒவ்வொருவராக ஒரு கண்ணைக் கையால் மறைத்து, எதிர்ச் சுவரிலுள்ள கலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணையும் அப்படியே. இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தால் கிளினிக்குக்குச் செல்ல அது போதுமான காரணம். வித்தியாசம் தெரியாவிட்டாலும், வீட்டில் 40 வயதைக் கடந்தவர், நீரிழிவு உள்ளவர், குடும்பத்தில் குளுக்கோமா உள்ளவர் யார் என்று எண்ணிப் பார்த்து, அவர்களுக்கு இந்த மாதத்துக்குள் ஒரு திகதி எடுத்துக் கொடுங்கள்.